எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்: லாங் ஃப்ளைட் கணக்கு புதுசா போடுறவங்களுக்கு

முதல் தடவை ரொம்ப தூரத்துக்கு ஃப்ளைட் ஏறப் போறவங்க செய்யுற முதல் வேலை, நெட்ல போய் இந்த ஏர்போர்ட்டுக்கும் அந்த ஏர்போர்ட்டுக்கும் எவ்ளோ தூரம், எத்தனை மணி நேரம்னு தேடுறதுதான். ஒரு சைட் 17 மணிங்கும், இன்னொன்னு 18½ங்கும், டிக்கெட்ட எடுத்துப் பார்த்தா சாயங்காலம் 7 மணிக்கு ஏறி மறுநாள் விடியக்காலை 4½க்கு இறங்குறதா போட்டிருக்கும், கழிச்சா பத்து மணி நேரம்கூட வராது. எது உண்மைன்னு தெரியாம முழிப்போம். நானும் முழிச்சிருக்கேன்.

விஷயம் என்னன்னா இது ஒரே கேள்வி இல்ல, நாலு கேள்வி. தூரம் ஒன்னு, பறக்குற நேரம் ஒன்னு, கடிகாரத்துல தெரியுற நேரம் ஒன்னு, வீட்டுல இருந்து கிளம்பி அங்க போய் படுக்கையில சாயுற வரைக்கும் ஆகுற நேரம் இன்னொன்னு. நாலையும் தனித்தனியா எடுத்தா குழப்பமே வராது, அதத்தான் ஒவ்வொன்னா சொல்றேன்.

ஸ்டெப் 1: சரியான ஏர்போர்ட்ட பிடிங்க

சிரிக்காதீங்க, இங்கயே தப்பு பண்றவங்க நிறைய. ஊர் பேர வச்சு தேடாதீங்க, டிக்கெட்ல ஏர்போர்ட்டுக்குன்னு போட்டிருக்குற மூணெழுத்து கோட (JFK மாதிரி) வச்சு தேடுங்க. சிட்னின்னு ஆஸ்திரேலியாவுல ஒன்னு இருக்கு, கனடாவோட நோவா ஸ்கோஷியாவுல இன்னொன்னு இருக்கு, ஆஸ்திரேலியா போறோம்னு நெனச்சு கனடாவுல போய் இறங்குனவங்க கதை நியூஸ்லயே வந்திருக்கு. சான் ஹோசேன்னா கலிஃபோர்னியாவா கோஸ்டா ரிகாவா? போர்ட்லாண்டுன்னா அமெரிக்காவோட மேற்கு ஓரத்துல இருக்குற ஆரிகனா, கிழக்கு ஓரத்துல இருக்குற மெய்னா? கோட் பார்க்காம விட்டா நாலாயிரம் கிலோமீட்டர் தப்பிடும்.

இதவிட அடிக்கடி நடக்குறது ஒரே ஊர்ல பல ஏர்போர்ட் இருக்குற கேஸ். நியூயார்க்னு தேடுனா ஜேஎஃப்கே, லாகார்டியா, நியூவார்க் மூணும் வரும். லண்டனுக்கு ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டட், லூட்டன், சிட்டின்னு ஒரு பட்டியலே இருக்கு. டோக்கியோன்னா ஹனேடாவா நரிடாவா. பறக்குற தூரத்துல இதெல்லாம் பெரிய வித்தியாசம் பண்ணாது, ஆனா ஒன்னுல இறங்கி இன்னொன்னுல ஏறணும்னா செத்தோம், ஹீத்ரோவுல இருந்து கேட்விக் ரோடு வழியா 60 கி.மீ.க்கு மேல.

ஸ்டெப் 2: தூரம் கண்டுபிடிங்க, ஆனா மேப்ல ஸ்கேல் வச்சு அளக்காதீங்க

சுவத்துல மாட்டுற உலக மேப் இருக்கே, அது உருண்டைய தட்டையா இழுத்து விரிச்சது. வடக்க போகப் போக எல்லாம் பெருசா தெரியும், ஆப்பிரிக்கா கிரீன்லாந்த விட கிட்டத்தட்ட 14 மடங்கு பெருசு, ஆனா மேப்ல பார்த்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி நிக்கும். அதுல போடுற நேர்கோடு உண்மையில குறுக்கு வழியே கிடையாது. ஒரு குளோப் எடுத்து ரெண்டு ஊருக்கும் நடுவுல நூல இறுக்கிப் பிடிச்சுப் பாருங்க, அதுதான் குறுக்கு வழி, அதுக்குப் பேரு கிரேட் சர்க்கிள். லாஸ் ஏஞ்சலிஸும் டோக்கியோவும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில, 34-ல இருந்து 36 டிகிரிக்குள்ள இருக்கு, ஆனா நூல் நடுவுல 48 டிகிரி வடக்கு வரைக்கும் ஏறிடும். சீட்டு முன்னாடி ஸ்கிரீன்ல ஃப்ளைட் அலாஸ்கா பக்கமா வளைஞ்சு போறத பார்த்துட்டு "ஏன் இவ்ளோ சுத்துறான்"னு கேக்குறவங்களுக்கு இதுதான் பதில், அவன் சுத்தல, மேப்புதான் கோணல்.

தூரத்த எடுக்க ஈஸியான வழி, கூகுள் மேப்ஸ கம்ப்யூட்டர்ல திறந்து ரைட் கிளிக் பண்ணி தூரம் அளக்குற ஆப்ஷன எடுங்க, ரெண்டு ஏர்போர்ட்டையும் தொடுங்க, அது உருண்டைக் கணக்குலதான் சொல்லும். கிரேட் சர்க்கிள் மேப்பர்னு ஒரு சைட் இருக்கு, அதுல ரெண்டு கோடையும் போட்டா போதும்.

கையால போட்டுப் பார்க்கணும்னு ஆசை இருக்குறவங்களுக்கு மட்டும் (மத்தவங்க இந்த பாராவ தாண்டிடலாம்): ரெண்டு அட்சரேகையோட சைன்களையும் பெருக்கி வச்சுக்கோங்க. ரெண்டு அட்சரேகையோட காஸ்களையும் பெருக்கி, அத தீர்க்கரேகை வித்தியாசத்தோட காஸால திரும்ப பெருக்குங்க. ரெண்டையும் கூட்டுனா பூமி நடுவுல உண்டாகுற கோணத்தோட காஸ் கிடைக்கும். அந்தக் கோணத்த டிகிரியில எடுத்து 111.2-ஆல பெருக்குனா கிலோமீட்டர். சிங்கப்பூர் சாங்கி 1.36 வடக்கு, 103.99 கிழக்கு. நியூயார்க் ஜேஎஃப்கே 40.64 வடக்கு, 73.78 மேற்கு. போட்டா 138 டிகிரிக்கு ஒரு துளி கம்மியா வரும், தூரம் சுமார் 15,340 கி.மீ. மேற்கும் தெற்கும் மைனஸ்ல போடணும், அத மறந்தீங்கன்னா ஊரே மாறிடும். நான் முதல் தடவ போட்டப்ப ஜேஎஃப்கே மத்திய ஆசியாவுக்கு போயிடுச்சு.

பூமிய சுத்தி 40,000 கி.மீ. சொச்சம், அதனால எந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல 20,000 கி.மீ.க்கு மேல வரவே முடியாது. உங்க கணக்குல 23,000னு வந்தா எங்கயோ சொதப்பிட்டீங்க. இன்னொன்னு, சில சைட் நாட்டிக்கல் மைல்ல சொல்லும், அது 1.852 கி.மீ., சாதா மைல் 1.609. ரெண்டையும் ஒன்னுன்னு நெனச்சுக்கிட்டா லாங் ரூட்ல ஆயிரத்து சொச்சம் கிலோமீட்டர் இடிக்கும்.

ஸ்டெப் 3: தூரத்த நேரமா மாத்துங்க

ஜெட் விமானங்க லாங் ரூட்ல மேக் 0.85 பக்கத்துல, அதாவது ஒலி வேகத்துல 85 சதவீதத்துல பறக்கும். 11 கி.மீ. உயரத்துல இருக்குற குளிருக்கு அது மணிக்கு 900 கி.மீ. மாதிரி. வழி எப்பவும் நூல் பிடிச்ச மாதிரி இருக்காதுங்குறதால நான் 880-னு வச்சுக்குவேன், கூட ஏறுறது இறங்குறது, ரன்வேக்கு ஊர்ந்து போறது எல்லாத்துக்கும் முக்கால் மணி நேரம். அதாவது தூரத்த 880-ஆல வகுத்து 45 நிமிஷம் சேருங்க.

சரியா வருதான்னு பாருங்க. ஆஸ்திரேலியாவோட பெர்த்ல இருந்து லண்டன் ஹீத்ரோ சுமார் 14,500 கி.மீ., 2018 மார்ச்ல நான்ஸ்டாப்பா ஆரம்பிச்சாங்க. வகுத்தா 16½, முக்கால் சேர்த்தா 17¼ மணி. டைம்டேபிள்ளயும் அந்த 17 மணிக்கு சுத்தி முத்திதான் இருக்கும். சிங்கப்பூர் - ஜேஎஃப்கே 15,340-க்கு போட்டா 18 மணி சொச்சம், அதுவும் ஒத்துப் போகும். இந்த மாதிரி ரூட்டுக்குன்னே கூடுதலா எரிபொருள் பிடிக்குற மாதிரி ஏர்பஸ் ஏ350 விமானத்துல தனியா ஒரு மாடல் இருக்கு.

டிக்கெட்ல இருக்குற நேரம் பிளாக் டைம், கேட்ட விட்டு நகர்றதுல இருந்து அங்க கேட்ல போய் நிக்குற வரைக்கும். பைலட் மைக்ல "இன்னைக்கு பறக்குற நேரம் இவ்ளோ"னு சொல்றது அதவிட கம்மியா இருக்கும், ஏன்னா அவர் தரைய விட்டு எழுந்ததுல இருந்து தரையத் தொடுற வரைக்கும் சொல்றாரு. அதோட டைம்டேபிள்ள கம்பெனிங்க கொஞ்சம் கூடவே வச்சிருப்பாங்க, லேட் ஆனாலும் லேட்டுன்னு கணக்காகக் கூடாதுல்ல.

ஸ்டெப் 4: காத்து எந்தப் பக்கம்னு பாருங்க

போகும்போது ஏழு மணி, வரும்போது எட்டு மணின்னு போட்டிருக்கும், தூரம் ஒன்னுதானே அப்புறம் எப்படின்னு கேப்பாங்க. சிலர் பூமி சுத்துறதால எதிர்ல வந்து சீக்கிரம் சேருதுன்னு விளக்கம் வேற குடுப்பாங்க, அது இல்ல, காத்தும் விமானமும் பூமியோட சேர்ந்தேதான் சுத்துது. காரணம் ஜெட் ஸ்ட்ரீம். 9-ல இருந்து 12 கி.மீ. உயரத்துல மேற்குல இருந்து கிழக்கா வேகமா ஓடுற காத்து ஆறு மாதிரி ஒன்னு, குளிர்காலத்துல இன்னும் பலமா இருக்கும்.

லண்டன் - நியூயார்க் 5,540 கி.மீ. வழி பூரா சராசரியா 60 கி.மீ. காத்து இருக்குன்னு வச்சுக்கோங்க. கிழக்கால வரும்போது 940 வேகம், முக்கால் மணியோட சேர்த்து 6 மணி 40 நிமிஷம் வரும். மேற்கால போகும்போது 820, அது 7½ மணி. 2020 பிப்ரவரில ஒரு புயல் அடிச்சப்ப ஜேஎஃப்கேல இருந்து கிளம்புன ஒரு போயிங் 747 விமானம், 5 மணி நேரத்துக்கும் கம்மியா, 4 மணி 56 நிமிஷத்துல ஹீத்ரோ வந்துடுச்சு, தரைய வச்சுப் பார்த்தா மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல. ஒலி வேகத்த தாண்டிடுச்சான்னா இல்ல, காத்துதான் தூக்கிட்டுப் போச்சு, காத்துக்குள்ள அது எப்பவும் போற வேகத்துலதான் போய்க்கிட்டிருந்துச்சு.

இதனாலதான் அட்லாண்டிக் மேல வழிய ஒவ்வொரு நாளும் புதுசா போடுறாங்க, காத்து எங்க இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி. நீங்க செய்ய வேண்டியது கிழக்கு - மேற்கு போற லாங் ரூட்னா கிழக்குப் பக்கம் கொஞ்சம் குறைச்சும் மேற்குப் பக்கம் கொஞ்சம் கூட்டியும் வச்சுக்குறது, அவ்ளோதான். வடக்கு - தெற்கா போற ரூட்டுல இந்த வித்தியாசம் பெருசா இருக்காது.

ஸ்டெப் 5: குறுக்கு வழியில உண்மையிலயே போறாங்களான்னு பாருங்க

நூல் பிடிச்ச தூரம் ஒன்னு, விமானம் போற தூரம் வேற. இதுக்கு நல்ல உதாரணம் ஹெல்சின்கி - டோக்கியோ. நூல் பிடிச்சா சுமார் 7,800 கி.மீ., ரஷ்யா மேலயே நேரா போனப்ப 9½ மணி நேரத்துல போயிட்டாங்க, நம்ம சூத்திரமும் அதத்தான் சொல்லும். 2022-ல ரஷ்ய வான்வெளிய ஐரோப்பிய கம்பெனிகளுக்கு மூடுனதுக்கு அப்புறம் அதே ஃப்ளைட் வட துருவத்து மேல இல்லனா தெற்க சுத்திப் போய் 13 மணி ஆகுது. தூரம் கேட்டா சைட் இப்பவும் 7,800-னுதான் சொல்லும், அது பொய் இல்ல, உங்களுக்கு உபயோகம் இல்ல, அவ்ளோதான்.

திபெத் பீடபூமி மேல விமானங்க அதிகம் போகாததுக்கும் ஒரு காரணம் இருக்கு. கேபின்ல காத்தழுத்தம் போயிட்டா உடனே 10,000 அடிக்கு இறங்கணும், அங்க தரையே அதவிட உயரம், எங்க இறங்குறது. கடல் மேல போற ரெட்டை இன்ஜின் விமானத்துக்கு வேற விதி, ஒரு இன்ஜின் நின்னா இத்தனை நிமிஷத்துக்குள்ள ஏதாவது ஒரு ஏர்போர்ட்ட பிடிக்கணும்னு கணக்கு, மாடலப் பொறுத்து 180 நிமிஷம், 330 நிமிஷம்னு அனுமதி குடுப்பாங்க. அதனால சிட்னி - சாண்டியாகோ மாதிரி தென்கோடி ரூட்டுங்கள்ல எந்த விமானம் போகுதுங்குறத பொறுத்து வழி வளையும்.

இதெல்லாம் நீங்க கணக்குப் போட வேண்டாம். உங்க ஃப்ளைட் நம்பர ஃப்ளைட்ரேடார்24 மாதிரி டிராக்கிங் சைட்ல போட்டு போன ஒரு வாரம் எப்போ கிளம்பி எப்போ சேர்ந்துச்சுன்னு பாருங்க. என்னைக் கேட்டா எந்த கால்குலேட்டரையும் விட அந்த ஏழு நாள் பட்டியல்தான் நம்பகமானது.

ஸ்டெப் 6: கடிகாரக் கணக்கு, நிறையப் பேரு மாட்டிக்குற இடம்

ஒரே விதி. டிக்கெட்ல கிளம்புற நேரம் கிளம்புற ஊர் நேரம், சேருற நேரம் சேருற ஊர் நேரம். ரெண்டையும் நேரா கழிக்காதீங்க. ரெண்டையும் யூடிசிக்கு (உலகத்துக்கே பொதுவான அடிப்படை நேரம், எல்லா ஊர் நேரத்தையும் இதுல இருந்துதான் கணக்குப் போடுறாங்க) மாத்திட்டு கழிங்க.

மேல சொன்ன அந்த டிக்கெட்டையே எடுப்போம், பெர்த் - லண்டன்னு வச்சுக்குவோம், ஒரு பேச்சுக்கு. பெர்த் யூடிசிய விட 8 மணி நேரம் முன்னாடி, அப்போ சாயங்காலம் 7 மணிங்குறது யூடிசியில காலை 11. லண்டன் குளிர்காலத்துல யூடிசியேதான், மறுநாள் விடியக்காலை 4½. 11-ல இருந்து மறுநாள் 4½ வரைக்கும் எண்ணுங்க, 17½ மணி நேரம். அந்த "பத்து மணிகூட இல்லையே" மர்மம் முடிஞ்சுது.

கோடையில லண்டன் ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சுக்கும், பெர்த் வச்சுக்காது, அதனால அதே ஃப்ளைட் அதே நேரம் பறந்தாலும் 5½க்கு சேரும். இந்த மாத்துற தேதி நாட்டுக்கு நாடு வேற. அமெரிக்கா மார்ச் ரெண்டாவது ஞாயிறு மாத்தும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு, நடுவுல ரெண்டு மூணு வாரம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமான 5 மணி வித்தியாசம் 4 ஆயிடும். அந்த வாரங்கள்ல கனெக்ஷன் இருந்தா மனசுல இருக்குற பழைய வித்தியாசத்த நம்பாம பயண தேதிய போட்டு திரும்பப் பாருங்க. எல்லா வித்தியாசமும் முழு மணியாவும் இருக்காது, நேபாளம் யூடிசிய விட 5 மணி 45 நிமிஷம் முன்னாடி.

பசிபிக் தாண்டுறவங்க தேதியையும் பார்க்கணும், தேதி மாறுற கோடு (தேதிக் கோடு) அங்கதான் போகுது. ஆக்லாந்துல சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு ஏறி 12 மணி நேரம் பறந்து லாஸ் ஏஞ்சலிஸ்ல இறங்குனா அங்க சனிக்கிழமை மத்தியானம் 1 மணி, ஏறுறதுக்கு முன்னாடியே இறங்கிட்டீங்க. (நியூசிலாந்து +12, லாஸ் ஏஞ்சலிஸ் -7 இருக்குற மாசங்கள்ல.) திரும்பி வரும்போது சனிக்கிழமை ராத்திரி 10-க்கு ஏறி 13 மணி பறந்தா திங்கள் காலை 6, ஞாயித்துக்கிழமைய காணவே காணோம். சமோவாவுல இருந்து பக்கத்துலயே இருக்குற அமெரிக்க சமோவாவுக்கு முக்கால் மணி நேரம்கூட பறக்க வேண்டாம், ஆனா நேத்து தேதியில போய் இறங்குவீங்க. சமோவா 2011 டிசம்பர் 30-ங்குற நாளையே விட்டுட்டு தேதிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தாவுனதால வந்த கூத்து இது.

டிக்கெட்ல நேரத்துக்குப் பக்கத்துல குட்டியா +1, +2, -1னு இருக்குறது இதுக்குத்தான், கிளம்புன தேதியில இருந்து எத்தனை நாள் தள்ளின்னு அர்த்தம்.

இன்னொரு குழி, நடுராத்திரி ஃப்ளைட். 15-ஆம் தேதி 00:20-ன்னு போட்டிருந்தா நீங்க ஏர்போர்ட்டுக்கு போக வேண்டியது 14-ஆம் தேதி ராத்திரி. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் 15-ஆம் தேதி ராத்திரி பெட்டி படுக்கையோட போய் நின்னான், கவுன்ட்டர்ல இருந்தவங்க அவனப் பாவமா பார்த்துட்டு "சார், இது நேத்து போயிடுச்சு"ன்னாங்க. இன்னைக்கும் அத சொன்னா கோவம் வரும் அவனுக்கு.

ஸ்டெப் 7: மொத்த நேரம்

நான்ஸ்டாப்பும் டைரக்ட்டும் ஒன்னு இல்ல. நான்ஸ்டாப்னா நடுவுல எங்கயும் இறங்காது. டைரக்ட்னா ஃப்ளைட் நம்பர் மாறாது, ஆனா நடுவுல ஒரு ஊர்ல இறங்கி ஏறலாம். புக் பண்ணும்போது ஸ்டாப் எத்தனைன்னு பாருங்க.

கனெக்ஷன் இருந்தா அது ஒரே டிக்கெட்டா தனித்தனி டிக்கெட்டாங்குறதுதான் முக்கியமான கேள்வி. ஒரே டிக்கெட்னா முதல் ஃப்ளைட் லேட்டாகி ரெண்டாவது போயிட்டா அடுத்ததுல ஏத்தி விடுறது அவங்க பொறுப்பு. தனித்தனியா வாங்குனா பொறுப்பு உங்க தலையில, பெட்டியையும் எடுத்து திரும்ப போடணும். ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் இவ்ளோ நேரம் இருந்தா மாறலாம்னு குறைஞ்சபட்ச நேரம் ஒன்னு வச்சிருப்பாங்க, ஒரே டிக்கெட்ல அதுக்குக் கம்மியா விக்க மாட்டாங்க, ஆனா அது குறைஞ்சபட்சம், சௌகரியம் இல்ல. வயசானவங்க, குழந்தைங்க கூட வந்தா நான் மூணு மணி நேரத்துக்கு கம்மியா எடுக்கவே மாட்டேன். அமெரிக்கா வழியா வேற நாட்டுக்குப் போறவங்க கவனிங்க, சும்மா மாறுறதுக்கே அங்க இமிகிரேஷன் முடிக்கணும், பெரும்பாலும் பெட்டியையும் எடுத்து திரும்ப குடுக்கணும், விசாவும் வேணுமான்னு முன்னாடியே பாத்துக்கோங்க.

மத்தது உங்களுக்கே தெரியும், கிளம்புற பக்கம் மூணு மணி நேரம் முன்னாடி, இறங்குன பக்கம் வரிசைக்கும் பெட்டிக்கும் ஒன்னு ஒன்னரை மணி நேரம், ரெண்டு பக்கமும் ரோடு. 17 மணி ஃப்ளைட்டுன்னு சொல்றது வீட்டு வாசல்ல இருந்து எண்ணுனா 24 மணிக்கு பக்கத்துல வந்து நிக்கும்.

கடைசியா ரெண்டு தேதி. ரூம் போடும்போது கிளம்புற தேதிய போடாதீங்க, சேருற ஊர்ல என்ன தேதியோ அத போடுங்க, விடியக்காலை 5 மணிக்கு இறங்குறீங்கன்னா முந்தின ராத்திரிக்கு சேர்த்து போட்டாதான் போனதும் ரூம் கிடைக்கும், இல்லனா மத்தியானம் வரைக்கும் லாபியில உக்காரணும். கூட்டிட்டுப் போக வர்றவங்களுக்கு மெசேஜ் அனுப்பும்போது ஃப்ளைட் நம்பர், டெர்மினல், அவங்க ஊர் தேதி, அவங்க ஊர் நேரம், கிழமையோட. "நாளைக்கு காலையில வரேன்"னு மட்டும் அனுப்பாதீங்க, யாரோட நாளைக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்.